கன்று கட்டிய கல்

எங்கள் கட்டுத்தரையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல் நின்றது. நடுவில் வட்டமாக ஒரு துளை, மட்டை உரிக்காத தேங்காய் நுழையும் அளவு. விளிம்பு முழுக்க உளி கொத்திய தடம். அந்தத் துளையில் கயிற்றை விட்டு எருமைக் கன்றைக் கட்டுவோம். மேட்டாங்காட்டைத் திருத்தி உழவுக்குக் கொண்டுவந்த காலத்தில் அப்பாரு மாட்டு வண்டியில் ஏற்றி வந்த கல் அது. பல வருடம் கழித்து, கொடுமணல் அகழாய்வைப் பற்றிய புத்தகம் ஒன்றில் அதே போன்ற துளைக்கல்லின் படத்தைப் பார்த்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒருவருக்காக எழுப்பிய கல்லறையின் சுவர்ப்பலகை என்று எழுதியிருந்தது. அந்தத் துளைக்கு இடுதுளை என்று பெயராம்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள கதை கிடையாது. நொய்யல் கரையில் எங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்படிப்பட்ட கற்கள் துணி துவைக்கவும் வாசல்படியாகவும் வாய்க்காலைத் தாண்டவும் கிடக்கின்றன. ஆகவே நாங்கள் என்றே எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து எங்கள் பக்கம் வருகிறது. கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழைய பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் செம்மண்ணும் சரளையுமான மேடு எங்கள் மண். கொழுக்கட்டைப் புல் முளைத்த கொறங்காடு, இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி, அதற்குள் காங்கேயம் மாடு. வெளியூர்க்காரர்கள் வந்தால், "இங்க என்னங்க இருக்குது, வெறும் கல்லும் காடும்" என்று நாங்களே சொல்லுவோம். எங்கள் முதல் குற்றம் அந்தப் பேச்சுதான்.

ஏனென்றால் அந்தக் கல்லைத் தேடித்தான் ஒரு காலத்தில் உலகம் இங்கே வந்தது. படியூரில் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், வெங்கமேட்டில் பளிங்கு. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போகும் பெருவழியில், எங்கள் நொய்யல் கரையில் இருந்தது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் பாடிய கொடுமணம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் கருத்து. 1985இல் தொடங்கித் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகமும், 2012இலும் 2013இலும் புதுவைப் பல்கலைக்கழகமும் இங்கே குழி போட்டன. பேராசிரியர் கா. ராஜனும் அவரோடு உழைத்தவர்களும் வெளியே கொண்டுவந்தவை கொஞ்சமல்ல: இரும்பு உருக்கிய உலைகள், நூல் நூற்கும் தக்கிளிகள், கல்மணி செய்த பட்டறைகள். ஒரே கல்லறையில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. எழுத்துக் கீறிய பானை ஓடுகள் 500க்கு மேல். துளை முழுதாக விழாத மணிகளும் கிடைத்தன. வாங்கி அணிந்தவர்கள் மட்டும் வாழ்ந்த ஊராக இருந்தால் அரைகுறை மணிகளுக்கு அங்கே வேலையில்லை. இங்கேயே உட்கார்ந்து துளை போட்டிருக்கிறார்கள். தங்கள் பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள்.

அவர்கள் துளை போட்ட மணிகளை நாங்கள் சிறு வயதில் பொறுக்கியிருக்கிறோம். மழை பெய்த மறுநாள் காட்டில் சிவப்பும் பச்சையுமாகப் பாசி கிடக்கும். கால்சட்டைப் பை நிறைய அள்ளிப் போட்டு, விளையாடி, வழியிலேயே தொலைத்தோம். அதைக் குழந்தைத்தனம் என்று விட்டுவிடலாம். பெரியவர்களான பிறகு செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை.

அந்தப் பழைய கல்லறைகளைச் சுற்றி நட்ட கல்வட்டங்களைப் பாண்டியன் குழி என்பார்கள் எங்கள் பாட்டிமார். "கண்ணு, அங்க போகாத, பாண்டியன் குழி, உள்ள இழுத்துக்கும்" என்பார் எங்கள் அம்மிச்சி. விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. அந்தப் பயம் பல தலைமுறைக்குக் கல்வட்டங்களைக் காத்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போனோம், பயம் தெளிந்தது. பயம் போன இடத்தில் அறிவு வந்து உட்காரவில்லை. டிராக்டர் வந்தது, பொக்லைன் வந்தது. தென்னை வைக்க ஒரு வட்டம், வரப்பை நேராக்க ஒரு வட்டம் என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்துப் போட்டோம். ஆய்வுக்கு வந்த மாணவர்கள் கேட்டபோது, "அது சும்மா கல்லுங்க" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினோம். கல்லைக் காட்டினால் காட்டை எடுத்துக்கொள்வார்களோ என்று உள்ளுக்குள் அச்சம். அதற்காக அன்று பொய் சொன்னோம்.

ஆற்றுக்குச் செய்தது இதைவிடப் பெரியது. கொடுமணலுக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து நின்றது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் உப்புப் பூத்தது, கிணறுகள் கெட்டன, மாடு வாய் வைக்கவில்லை. அணையைத் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய விவசாயி, திறக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

சாயப்பட்டறைக்காரர்களைத் திட்டினோம், அரசைத் திட்டினோம். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் ஓட்டு வீட்டைத் தார்சு வீடாக்கியவர்கள் நாங்கள்தான். காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டு, லாரி லாரியாகச் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் விற்றவர்களும் எங்களில் உண்டு. நல்ல தண்ணீராக விற்றோம், அது சாயமாகித் திரும்பி வந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் வைத்து நீதிமன்றம் போனார்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதுவரை அலைந்தவர்கள் சிலர்தான். வாய்தாவுக்குப் போய் வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்கக்கூட எங்களில் பலர் வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போகும் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பேசாமல் இருந்தோம்.

தொழிலைப் பழிக்க எனக்கு மனம் வராது. கொடுமணலும் தொழில் செய்த ஊர்தான். இதே ஆற்றங்கரையில் உலை மூட்டி, கல் அறுத்து, நூல் நூற்றுப் பிழைத்தவர்களின் ஊர். வேலை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. இந்த வேலையின் கழிவு எங்கே போகிறது, யார் வயலில் போய் நிற்கிறது என்று வேலைக்குப் போன நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. கல்லைப் பெயர்த்தபோது இது யாருடையது என்று கேட்காதது போலவே. காசு கொடுக்கிற வரைக்கும் ஒன்றை மதித்தோம், கொடுக்காவிட்டால் ஒதுக்கினோம். ஆறும் கல்லும் எங்கள் கையில் பட்டது ஒரே பாடுதான்.

இப்போது எங்கள் கட்டுத்தரையில் எருமை இல்லை. கல் மட்டும் நிற்கிறது. அதைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒரு நாள் காட்டுக்குப் போனேன். எந்தக் குழியிலிருந்து எடுத்தது என்று காட்ட அப்பாரு இல்லை. கூட வண்டி ஓட்டியவரும் இல்லை. குழி இருந்த இடமே தென்னந்தோப்பாகிவிட்டது. இடம் தெரியாத கல் பாதி ஊமை. யாருக்காக நட்டது, தலைமாடு எது, பக்கத்தில் என்ன வைத்தார்கள் என்று இனி எந்த ஆய்வாளராலும் அதை வைத்துச் சொல்ல முடியாது.

பக்கத்துக் காட்டில் கல்வட்டம் ஒன்று மிச்சமிருக்கிறது. காட்டுக்காரரிடம் பேசினோம். அதைச் சுற்றி நாலு முழம் உழாமல் விட ஒத்துக்கொண்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகு எங்களால் முடிந்தது இந்த நாலு முழம். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும். திரும்பும்போது எங்கள் கட்டுத்தரைக்கும் வரச்சொல்ல வேண்டும். துளையின் கீழ் விளிம்பில், உளித்தடத்துக்கு மேலாக, விரல் வைத்தால் வழுக்குகிற ஒரு பள்ளம் இருக்கிறது. கயிறு உராய்ந்து விழுந்தது. இது யார் செய்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாங்கள்தான் என்று சொல்ல வேண்டும்.