ஐப்பசிக்கு முன்னாடி சம்ப்பைத் திறந்து பாருங்க

சென்ட்ரிஃபியூகல் பம்ப் பத்தி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இம்பெல்லர் படம் போட்டு, எஃபிஷியன்ஸி கணக்குப் போட்டு, 13 மார்க்கையும் வாங்கியிருப்போம். ஆனா நம்ம வீட்டு சம்ப் மோட்டார் எத்தனை ஹெச்.பி.ன்னு கேட்டா? எனக்கு 2023 டிசம்பர் வரைக்கும் தெரியாது.

அந்த மாசம் மிக்ஜாம் புயல் மழையில சென்னையில எங்க தெருவுல முழங்கால் அளவு தண்ணி. வீட்டுக்குள்ள வரலை, தப்பிச்சோம்னு நினைச்சோம். கரண்ட் வந்ததும் அப்பா வழக்கம்போல மோட்டாரைப் போட்டாரு. குழாயைத் திறந்தா சாக்கடை நாத்தம். சம்ப் மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு. தண்ணி போனது ஓவர்ஃப்ளோ பைப் வழியா. உள்ளே நிரம்பினா வெளியே விடுற பைப், வெளியே தண்ணி உயர்ந்தா உள்ளேயும் விடும்தானே? ப்ளஸ் டூ பிசிக்ஸ் கூடத் தேவையில்லை, ஆனா எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தோணலை. சம்ப்போட மாடி டேங்கும் போச்சு. ஒரு வாரம் கேன் தண்ணியில குளிச்சோம்.

மழை வந்தா மாநகராட்சியைத் திட்டுறோம், திட்டணும். ஆனா கேட்டுக்கு உள்ளே இருக்கிறது நம்ம பொறுப்பு. அதுக்கு செப்டம்பர்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் போதும். பைப் வாய்க்கு ஒரு எண்ட் கேப் போடுங்க (மழைக்காலம் முடியுற வரை சம்ப் நிரம்புறதை நாமே கவனிச்சுக்கணும், அவ்வளவுதான்). மூடி ஓரத்துல விரிசல் இருக்கான்னு பாருங்க.

மோட்டார் வெளியில, சம்ப்புக்குப் பக்கத்துல தரையோட தரையா உட்கார்ந்திருக்கா? ரெண்டடி மேடை கட்டி ஏத்துங்க. "உசரம் கூடினா தண்ணி இழுக்காது தம்பி"ன்னு யாராவது சொல்வாங்க. காற்றழுத்தம் தண்ணியைத் தள்ளக்கூடிய உயரம் கணக்குப்படி 10.3 மீட்டர். நடைமுறையில ஆறு மீட்டர்னே வெச்சுக்கங்க. வீட்டு சம்ப்போட ஆழம் பெரும்பாலும் ஏழெட்டு அடிதான். அந்தக் கணக்கைப் பரீட்சையில மட்டும் போட்டுட்டு வீட்டுல வாயை மூடிட்டு நிக்கிறதுல என்ன இன்ஜினியரிங்?

சப்மெர்சிபிள்னா, கேபிள் ஜாயின்ட்டைப் பாருங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டு. வெறும் இன்சுலேஷன் டேப் சுத்தியிருந்தா அது ஜாயின்ட் இல்ல, ஆபத்து. தண்ணியில மூழ்கி எழுந்த வெளி மோட்டாரைக் காய வெச்சு, இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணாம போடவே கூடாது.

இன்னொண்ணு. "எம்.சி.பி. இருக்கே, விழுந்துடும்"னு நிறைய பேர் நம்புறாங்க. எம்.சி.பி. ஷார்ட் சர்க்யூட்டுக்கும் ஓவர்லோடுக்கும்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஒரு ஆளைக் கொல்லக்கூடிய கசிவு கரண்ட் கண்ணுலயே படாது. அதைப் பிடிக்கிறது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.

எல்லாத்தையும் விட எனக்குக் கோபம் வர்ற விஷயம், சம்ப் கழுவுறது. சில நூறு ரூபாய்க்கு ஒருத்தரைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்த உடனே "இறங்குங்கண்ணா"ன்னு சொல்றோம். ரொம்ப நாள் மூடிக் கிடந்த சம்ப்புல ஆக்சிஜன் குறைஞ்சிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உள்ளே ஒருத்தர் மயங்க, காப்பாத்தப் போன அடுத்தவரும் சேர்ந்து செத்த செய்தியை எத்தனை தடவை படிச்சிருக்கோம்! மெழுகுவர்த்தி கொளுத்திப் பாக்குறது டெஸ்ட் இல்ல. பெட்ரோல் பம்ப்பை உள்ளே இறக்கி ஓட்டுறது அதைவிட மோசம், புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடே போதும். கூடுமானவரை மேலிருந்தே தண்ணியை இறைச்சு, நீளமான பிரஷ்ஷால தேய்ச்சு முடிங்க. காற்று டெஸ்ட், கயிறு, மேலே காவல் ஆள் இதெல்லாம் இல்லாம யாரையும் இறக்காதீங்க. கூலிக்கு வந்தவர்ங்கிறதால அவர் நுரையீரல் வேற மாதிரி வேலை செய்யாது.

"எலெக்ட்ரீசியன் எதுக்கு இருக்காரு?"ன்னு கேக்கலாம். அவரையும் கூப்பிடுங்க, ஆனா இப்பவே. மழை வாரத்துல அவர் போனை எடுக்க மாட்டாரு. எடுத்து வந்தா முழங்கால் தண்ணியில நின்னுதான் வயரைத் தொடணும்.

போன ஞாயிறு எங்க வீட்டு ஆர்.சி.சி.பி.யில 'டெஸ்ட்'னு இருக்கிற பட்டனை முதல் தடவையா அழுத்துனேன். விழலை. திரும்ப அழுத்துனேன். விழவே இல்ல. ஒன்பது வருஷமா அது போர்டுல சும்மா உட்கார்ந்திருக்கு, நாங்களும் அதை நம்பி ஈரக் கையோட மோட்டார் போட்டுட்டு இருந்திருக்கோம். மறுநாளே மாத்தியாச்சு. உங்க வீட்டுல அந்தப் பட்டனை அழுத்திட்டு என்ன ஆச்சுன்னு எழுதுங்க.