கொல்லையிலே முருங்கை, கடையிலே டப்பா மாவு

குழந்தை இளைத்தால் கடையை நாடி டப்பா மாவு வாங்குகிறோம். கொல்லையிலோ முருங்கைக்கீரை உதிர்ந்து வீணாகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர்.

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. நிலக்கடலையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதம். ஆயினும், கஞ்சி கெட்டியாகிறதே என்று நீரைக் கூட்டினால் வயிறு நிறையும், உடல் தேறாது. கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து அரைத்தால், முளையில் பெருகும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கும். நீர் கூட்டாமலே கஞ்சி இளகும். அதில் வறுத்த கடலைப்பொடியும் கீரையும் சேர்ந்தால் குறையேது?

நண்பர்களே! நம் தாய்மார் பலருக்கு எழுத்துத் தெரியாது, முளைகட்டத் தெரியும். அதன் காரணத்தை விளக்கி, நம்பிக்கையூட்டுவது, குடும்பத்தில் முதன்முதலாய்க் கல்லூரி வாசல் மிதித்த நம் கடனன்றோ!

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்