யுபிஐக்கு இரண்டாவது தடம் எங்கே?

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை நண்பகல். யுபிஐ நாடு முழுவதும் படுத்துவிட்டது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று வங்கிக் கணினிகள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளே அமைப்பைத் திணறடித்தன என்று பிறகு தெரிந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு, மார்ச் 26 அன்றும் அது முடங்கியது. டீக்கடை பாக்கியில் தொடங்கி மாதத்துக்கு 2,000 கோடி பரிவர்த்தனைகளைத் தாண்டிவிட்ட அமைப்புக்கு மாற்றுப் பாதை கிடையாது.

இதை நடத்துவது ரிசர்வ் வங்கி அல்ல, வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய என்பிசிஐ. காசோலைக் காலத்தில் பெருநகர கிளியரிங் ஹவுஸை ரிசர்வ் வங்கியே நடத்தியது. வங்கி ஊழியர்கள் காசோலைக் கட்டுகளுடன் வந்து மாற்றிக்கொள்வார்கள்; யார் யாருக்கு எவ்வளவு என்று கழித்துப் பார்த்து, மிச்சத்தை அந்தந்த வங்கியின் ரிசர்வ் வங்கிக் கணக்கில் வரவாகவோ பற்றாகவோ எழுதுவார்கள். காசோலை எண்களை இயந்திரம் படிக்க 1980களில் காந்த மை வந்தது. பிறகு மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கு 2004இல் ஆர்டிஜிஎஸ், 2005இல் நெஃப்ட். இரண்டும் ரிசர்வ் வங்கியின் சொந்தப் பிள்ளைகள்.

பணப் பரிமாற்றம் குறித்த 2007ஆம் ஆண்டுச் சட்டம் ரிசர்வ் வங்கியை உரிமம் தரும், கண்காணிக்கும் அமைப்பாகவும் ஆக்கியது. அடுத்த ஆண்டே என்பிசிஐ பிறந்தது. சில்லறைப் பணப் பரிமாற்றம் படிப்படியாக அதன் கைக்குப் போனது. அதில் தவறில்லை. எல்லா வங்கிகளும் ஒரே தடத்தில் ஏறியதால்தான் எந்தச் செயலியிலிருந்தும் எந்தக் கணக்குக்கும் பணம் போகிறது.

ஆனால் ஒன்றே போதும் என்று ரிசர்வ் வங்கியே நினைக்கவில்லை. குறைந்தது ரூ.500 கோடி மூலதனத்துடன் போட்டி அமைப்பு தொடங்கலாம் என்று 2020இல் விதிமுறை வெளியிட்டது. பெரிய நிறுவனங்கள் கூட்டணி கட்டி விண்ணப்பித்தன. வந்த திட்டங்களில் புதுமை இல்லை என்று சொல்லி, யோசனை கிடப்பில் போடப்பட்டது. இது சொத்தை வாதம். ஒன்று நின்றால் இன்னொன்று ஓட வேண்டும் என்பதற்குப் புதுமை எதற்கு? செயலிகளிலும் இதே தயக்கம்தான்: எந்தச் செயலிக்கும் 30 சதவீதத்துக்கு மேல் பங்கு கூடாது என்ற விதி 2026 இறுதிவரை தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.

போட்டி அமைப்புக்கான அந்தக் கோப்பை ரிசர்வ் வங்கி மீண்டும் திறக்க வேண்டும். போட்டியாளர் வரத் தயங்குவதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு: 2020 ஜனவரி முதல் யுபிஐயில் வணிகர் கட்டணம் பூஜ்யம். செலவை யாராவது ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ராவே 2025இல் சொன்னார். காய்கறிக்காரரிடம் ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. பெரிய வணிக நிறுவனங்களிடம் சிறு கட்டணம் வாங்கலாம்.

கட்டணம் அரசின் முடிவு என்று ரிசர்வ் வங்கி ஒதுங்கவும் இனி வழியில்லை. 2025இல் அமைந்த பணப் பரிமாற்ற ஒழுங்குமுறை வாரியத்துக்கு ஆளுநர்தான் தலைவர். ஆறு பேரில் மூவர் மத்திய அரசு நியமிப்பவர்கள். இரு தரப்பும் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்திருக்கின்றன.