கீசர் பிளக் கருகுது, ஆனா எம்.சி.பி. ட்ரிப் ஆகல... ஏன்? பழைய மர வீடுகளில் கவனிக்க வேண்டியது என்ன?

மழை பிடித்துக்கொண்டால் குமரி மாவட்டத்தில் காலையில் கை முதலில் போவது கீசர் ஸ்விட்சுக்குத்தான். தண்ணீர் சூடாகிறது, குளித்து முடிக்கிறோம், ஸ்விட்சை அணைக்கிறோம். ஒருநாள் பிளக்கைப் பிடுங்கும்போது பார்த்தால் ஒரு பின் மட்டும் கறுத்திருக்கும். சாக்கெட்டின் ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பாகியிருக்கும். ‘எம்.சி.பி. ட்ரிப் ஆகலையே, அப்புறம் எப்படி?’ என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி.

பத்மநாபபுரம் மாதிரி ஊரில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் கனம் உண்டு. மரவேலைக்குப் பெயர்பெற்ற அரண்மனை இருக்கும் ஊர் இது. (1956 நவம்பர் 1-ம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தாலும், அரண்மனையை இன்றும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான்.) அரண்மனையை விடுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் மரத்தால் ஆன மச்சு, மர உத்தரம், மரப்பலகையில் அடித்த ஸ்விட்ச் போர்டு, மர பட்டையில் கிளிப் போட்டு ஓடும் பேட்டன் வயரிங் எல்லாம் இன்னும் இருக்கின்றன. கான்கிரீட் சுவரில் ஒரு சாக்கெட் கருகினால் பெரும்பாலும் சாக்கெட்டோடு போகும். மரப்பலகையில் கருகினால் கதை வேறு.

ட்ரிப் ஆகாததற்கு என்ன காரணம்?

எம்.சி.பி.க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: எவ்வளவு கரண்ட் போகிறது. அளவுக்கு மேல் போனால் வெட்டும். லூஸ் கனெக்ஷனில் கரண்ட் கூடுவதே இல்லை. அதுதான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்கு. 2000 வாட் கீசர், 230 வோல்ட். ஓடும் கரண்ட் சுமார் 8.7 ஆம்பியர். இப்போது சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கரண்ட் 8.5 ஆம்பியராகக் கொஞ்சம் குறையும். எம்.சி.பி. பார்வையில் எல்லாம் சுபம். ஆனால் அந்த அரை ஓம் இருக்கும் இடத்தில் மட்டும் சுமார் 36 வாட் வெப்பம் உருவாகும்.

36 வாட் பெரிய விஷயமா? ரேடியோ, டிவி சரிசெய்பவர்கள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சாலிடரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்றை மூடிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, சுவருக்குள் புதைத்து, தினமும் ஆன் செய்கிறோம்.

இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நோய். சூடானால் பித்தளைப் பிடியின் ஸ்பிரிங் இறுக்கம் போகும், உலோகத்தின் மேல் கறுப்பு படியும். இறுக்கம் போனால் தடை கூடும், தடை கூடினால் சூடு கூடும். அதனால்தான் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, கடைசி ஒரு வாரத்தில் திடீரென்று கருகின மாதிரி நமக்குத் தோன்றுகிறது. குமரியில் இரண்டு பருவமழையும் பெய்யும். கடலும் ரொம்பத் தூரத்தில் இல்லை. ஈரமும் உப்புக் காற்றும் செம்பு, பித்தளையில் பச்சை பிடிக்க வைக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக் குத்துவிளக்கே சொல்லும்.

ஒரு லூஸ் கனெக்ஷன் என்ன செய்துவிடும்?

1997 ஜூன் 13. டெல்லி கிரீன் பார்க்கில் உள்ள உப்ஹார் தியேட்டர். மேட்னி ஷோவில் ‘பார்டர்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலையிலேயே அதில் தீப்பொறி வந்து, ஊழியர்கள் வந்து கேபிள் முனைகளை மாற்றிவிட்டுப் போனார்கள். கேபிள் முனையில் லக் பொருத்தி இறுக்க கிரிம்பிங் மெஷின் வேண்டும். அது இல்லாமலேயே வேலை முடிக்கப்பட்டது என்பது வழக்கில் பதிவானது. மாலையில் அந்தத் தளர்ந்த இணைப்பு பொறி தட்டி, கேபிள் கழன்று டிரான்ஸ்ஃபார்மரின் ரேடியேட்டரில் பட்டு ஓட்டை விழுந்து, எண்ணெய் கசிந்து தீ பிடித்தது. மேலே பால்கனியில் வழி அடைபட்டுப் புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள் 59 பேர்.

20 வருடம் கழித்து, 2017 ஜூன் 14. லண்டன் கிரென்ஃபெல் டவர், 72 பேர் பலி. கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள்தான் தீயை மேலே ஏற்றின, அதில் சந்தேகமில்லை. ஆனால் தீ தொடங்கியது நாலாவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜில். அதன் கம்ப்ரஸர் பகுதியில் சரியாக இறுக்கப்படாத ஒரு சின்ன கிரிம்ப் இணைப்பு சூடேறியதே காரணமாக இருக்கும் என்று விசாரணைக்கு அறிக்கை கொடுத்த மின் பொறியியல் வல்லுநர் சொன்னார்.

இரண்டு சம்பவத்திலும் இத்தனை உயிர் போனதற்குப் பல தவறுகள் காரணம். முதல் பொறி மட்டும் ஒரே மாதிரி: சரியாக இறுக்காத ஒரு முனை.

‘ஆர்.சி.டி. போட்டாச்சு, இனி பயமில்லை’ சரியா?

மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிகள், வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியைக் கேட்கின்றன. தமிழ்நாடு மின்வாரியமும் ஆர்.சி.டி. பொருத்தச் சொல்லி வலியுறுத்துகிறது. பொருத்தியே ஆக வேண்டும், ஷாக்கில் இருந்து உயிரைக் காப்பது அதுதான்.

ஆனால் ஆர்.சி.டி. பார்ப்பது கசிவை மட்டும். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று பார்க்கும். கருகும் பிளக்கில் இரண்டும் சமமாகத்தான் இருக்கும். ஆக, எம்.சி.பி.யும் கண்டுகொள்ளாது, ஆர்.சி.டி.யும் கண்டுகொள்ளாது. விளம்பரங்களில் இரண்டையும் காட்டி ‘முழுப் பாதுகாப்பு’ என்று சொல்வதில் இந்த ஓட்டை சத்தமில்லாமல் விடுபட்டுப்போகிறது.

வெளிநாடுகளில் பொறி தட்டுவதை உணர்ந்து வெட்டும் தனிக் கருவி உண்டு. அமெரிக்க மின் விதித்தொகுப்பு 1999 பதிப்பிலேயே படுக்கையறைகளுக்கு இதைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 2022-ல் உயரமான குடியிருப்புகள் போன்ற சில இடங்களுக்குக் கட்டாயமாக்கியது. நம் ஊர் வீடுகளில் இதைப் பார்ப்பது அபூர்வம். அதுவும் பொறி வந்தால்தான் வேலை செய்யும். பொறியே இல்லாமல் அமைதியாகச் சூடேறும் முனையை அதனாலும் பிடிக்க முடியாது. கடைசியில் கண், கை, மூக்கு மூன்றும்தான் மிச்சம்.

யார் வீட்டில் இந்தப் பிரச்னை அதிகம்?

எவ்வளவு வாட் என்பதைவிட எவ்வளவு நேரம் என்பது முக்கியம். மிக்ஸி 2 நிமிஷம், இஸ்திரிப் பெட்டி நடுநடுவே அணைந்து எரியும். தொடர்ந்து முழுச் சுமையில் ஓடுவதுதான் பிளக்கைத் தின்னும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போன்ற இடங்களில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் இதை நன்றாக அறிவார்கள். அவர்கள் வைத்திருப்பது அடிப்படையில் ஒரு பெரிய மின்சாரக் கெட்டில். 230 வோல்ட் நாடுகளில் 2000 வாட் ரகம் சாதாரணம். அமெரிக்காவில் 240 வோல்ட்டில் 5500 வாட் ஹீட்டர் கூடப் போடுகிறார்கள். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் கொதிக்க வேண்டும், பக்கத்தில் ஆவியும் ஈரமும் இருக்கும். பாத்திரம் நன்றாக இருக்க, பிளக்கும் பாத்திரத்தில் செருகும் முனையும் உருகிப்போவது அங்கே பழக்கமான புகார். தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இருப்பதால் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி இல்லை. நம்ம ஊரில் மணிக்கணக்கில் காய்ச்சுவதென்றால் அக்கானிதான், அதுவும் விறகில், கருப்பட்டிக்கு!

ஆனால் சுமை அதேதான். 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறியபோது ‘பேசாம இண்டக்ஷனுக்கு மாறிடலாமா’ என்று யோசித்தவர்கள் இருப்பார்கள். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பில் பருப்பு, குழம்பு, சோறு என்று ஒரு மணி நேரம் ஓட்டினால் அது பீர் காய்ச்சும் பாத்திரத்துக்குச் சமம்தான். அதைப் பழைய போர்டில் உள்ள 6 ஆம்பியர் சாக்கெட்டில், கன்வெர்டர் பிளக் போட்டுச் செருகுகிறோம். 6 ஆம்பியர் தாங்குவது 1380 வாட் வரைதான். 16 ஆம்பியர் சாக்கெட் 3680 வாட் வரை.

எங்கே சூடாகிறது? அதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கருவியைப் பழி சொல்வதற்கு முன்னால் சூடு எந்த இடத்தில் என்று பாருங்கள். அரை மணி நேரம் ஓடட்டும். பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, காய்ந்த கையின் புறங்கையால் பிளக்கின் உடலைத் தொடுங்கள். லேசான வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் இயல்பில்லை. உலோகப் பின்னைத் தொடாதீர்கள், சுட்டுவிடும். அடுத்து வயரின் நடுப்பகுதியைத் தொடுங்கள். வயர் முழுக்கச் சூடு என்றால் வயர் மெலிது. ஹீட்டர் சாக்கெட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயராவது வேண்டும். லைட்டுக்கு இழுத்த மெல்லிய வயரில் இருந்து கிளை எடுத்திருப்பார்கள். வயர் குளிர்ச்சி, பிளக் மட்டும் சூடு என்றால் பிடி தளர்வு.

மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை: கருவியில் செருகும் முனை. ரைஸ் குக்கர், கெட்டில் கார்டு தொலைந்துபோனால் பழைய கம்ப்யூட்டர் கார்டை எடுத்து மாட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, எங்கள் வீட்டிலும் நடந்தது. பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். கம்ப்யூட்டர் கார்டின் முனை 70 டிகிரி வரைக்கும் செய்தது. சூடாகும் கருவிகளுக்கான முனை 120 டிகிரி தாங்கும். அதன் ஒரு பக்கத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அந்த வெட்டுக்கு ஏற்ற மேடு உள்ள கருவியில் கம்ப்யூட்டர் கார்டு நுழையாது. மேடு இல்லாத கருவிகளில் தாராளமாக நுழைந்துவிடும், அங்கேதான் வம்பு. எங்கள் வீட்டில் கார்டின் வாய் இளகி, குக்கரோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

மூக்கு விஷயத்துக்கு வருவோம். பேக்லைட், பழைய ரக பிளாஸ்டிக் சூடேறும்போது மீன் வாடை மாதிரி ஒரு நெடி வரும். குமரி மாவட்டத்தில் இது ஒரு கஷ்டமான அறிகுறி. சாளையும் நெத்திலியும் தினசரி வரும் வீட்டில் மீன் வாடை அடித்தால் யார் ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பார்கள்? மீன் வாங்காத நாளில் வாடை வந்தால் பாருங்கள். கூடவே ‘சர்ர்’ என்ற சத்தம், ஒரு சாக்கெட்டில் சுமை போட்டதும் அதே அறையில் லைட் மினுக்குவது, இவையும் அதே கதைதான். வீடு முழுக்க சில லைட் மங்கி, சில லைட் பளீர் என்று எரிந்தால் அது சாக்கெட் பிரச்னை இல்லை, நியூட்ரல் விட்டிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

சரிசெய்யும்போது நடக்கும் தவறுகள்

பிளக்கை மட்டும் மாற்றுவது முதல் தவறு. சூடேறித் தளர்ந்த சாக்கெட்டில் புதுப் பிளக் செருகினால் அதுவும் சில வாரத்தில் கருகும். பழைய பிளக்கை வைத்துக்கொண்டு சாக்கெட்டை மட்டும் மாற்றினாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தே போக வேண்டும். கறுத்துப்போன வயர் நுனியையும் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டுத்தான் புதிதாக மாட்ட வேண்டும்.

ஓட்டைக்குள் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டிவிட்டு மீதியை நுழைப்பது, நுனிக்கு ஈயம் பூசி ஸ்க்ரூவில் இறுக்குவது இரண்டும் பரவலாக நடக்கிறது. ஈயம் பூசினால் உறுதி என்று நினைக்கிறோம். ஈயம் மெதுவான உலோகம், ஸ்க்ரூ அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி இறுக்கம் போய்விடும். முறுக்கிய இழைகளுக்கு லக் அல்லது ஃபெரூல் போட்டு, அதற்கான கருவியால் நசுக்குவதே சரி. உப்ஹாரில் இல்லாமல்போனது அந்தக் கருவிதான். வீட்டு வேலைக்கு அதன் சின்ன ரகம் போதும். வருகிற எலக்ட்ரீசியன் அண்ணனிடம் ‘கிரிம்பிங் டூல் இருக்காண்ணே?’ என்று கேட்பதில் தப்பே இல்லை.

பழைய வீட்டில் அலுமினிய வயர் ஓடியிருந்தால் இன்னும் கவனம். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்டைத் தடுக்கும், ஸ்க்ரூவின் கீழ் சீக்கிரம் தளரும். 1960-70களில் அமெரிக்காவில் அலுமினிய வயரிங் போட்ட வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும் வாய்ப்பு, செம்பு வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. அதில் நேராகச் செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றுவது கூடவே கூடாது. முழு வீட்டையும் மாற்றப் பணம் இல்லையென்றால், மீட்டர் பக்கத்து போர்டில் இருந்து கீசருக்கும் அடுப்புக்கும் மட்டும் தனித்தனி செம்பு லைன் இழுத்து, தனி எம்.சி.பி. போட்டுக்கொள்ளலாம். சாக்கெட்டுக்குப் பின்னால் மரப்பலகை வேண்டாம், இரும்பு டப்பா வையுங்கள். வாடகை வீடு என்றால், கருகிய சாக்கெட்டைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள்; வெறும் வாய்ப்பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும்.

நெடியோ புகையோ வந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்க ஓடாதீர்கள். முதலில் மெயின் ஸ்விட்ச். தண்ணீர் ஊற்றக் கூடாது. தீ பலகைக்குப் பரவினால் வெளியே வந்து 101 அல்லது 112.

எலக்ட்ரீசியன் கழற்றிய பழைய சாக்கெட்டைக் குப்பையில் போடும் முன் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். ஃபேஸ் அல்லது நியூட்ரல், ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூ அல்லது பிடி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதுசு போட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு பழுப்பாகியிருந்தால் அந்தச் சாக்கெட்டுக்கே சுமை அதிகம். அங்கே அதே ரகத்தில் புதுசு போட்டுப் பயனில்லை, 16 ஆம்பியரும் தனி லைனும்தான் போட வேண்டும்.