காவலில் வைக்கும் அரசு, வக்கீலும் வைக்கட்டும்

அமெரிக்காவில் திருட்டு வழக்கில் மாட்டிச் சிறைக்குப் போக வேண்டிய நிலை வந்தால், கையில் காசில்லாதவருக்கு அரசே வக்கீல் அமர்த்தித் தர வேண்டும். அதே மனிதர் நாடுகடத்தல் வழக்கில் மாட்டினால் அந்த உரிமை இல்லை. முப்பது வருடம் அங்கே வாழ்ந்திருந்தாலும், பிள்ளைகள் அங்கேயே பிறந்திருந்தாலும் இதுதான் நிலை. குடிவரவுச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. கூடவே, அரசுக்குச் செலவு வைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிடுகிறது.

அந்தப் பிரிவு மாற வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. தடுப்புக்காவலில் இருந்தபடி நாடுகடத்தல் வழக்கைச் சந்திக்கும் ஒவ்வொருவருக்கும், வசதி இல்லையென்றால், அரசுச் செலவில் வக்கீல் கிடைக்க வேண்டும். விசா முடிந்தும் தங்கியவர், எல்லை தாண்டி வந்தவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர் என்று இதில் தரம் பிரிக்கக் கூடாது.

இந்த ஓரவஞ்சனை எங்கிருந்து வந்தது? 1893இல், சீனத் தொழிலாளர்களை வெளியேற்றும் சட்டம் பற்றிய வழக்கில், நாடுகடத்தல் என்பது குற்றத்துக்கான தண்டனை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனை இல்லையென்றால் குற்ற வழக்குக்கு உரிய பாதுகாப்புகளும் இல்லை. பிறகு 1963இல் கிடியன் வழக்கு வந்தது. ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் விடுதியில் புகுந்து திருடியதாகச் சிறைப்பட்ட கிடியன், அங்கிருந்து பென்சிலால் மனு எழுதினார். ஏழைக்கும் வக்கீல் உண்டு என்று தீர்ப்பானது. மறுவிசாரணையில் வக்கீலோடு வந்த கிடியன் விடுதலையானார். அந்தத் தீர்ப்பின் வெளிச்சம் குடிவரவு நீதிமன்றத்தின் வாசலோடு நின்றுவிட்டது.

உள்ளே போய்ப் பார்த்தால் கோளாறு தெரியும். அங்கே உட்கார்ந்திருக்கும் நீதிபதி சுதந்திரமான நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்லர். அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கீழ் வேலை செய்பவர். எதிர்ப்பக்கம் அரசு வக்கீல் ஒருவர் கோப்புகளோடு இருப்பார். மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளரைக்கூட அரசு தந்துவிடுகிறது. எந்த மொழியில் பேசுவது என்ற சிக்கல் தீர்ந்தது. எதைப் பேசினால் வழக்கு நிற்கும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

குழந்தைகளுக்கும் இதே கதிதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கே தான் குடிவரவுச் சட்டம் கற்றுக்கொடுத்திருப்பதாக, நேரமும் பொறுமையும் இருந்தால் அவர்களுக்குப் புரியும் என்று, மூத்த குடிவரவு நீதிபதி ஒருவர் ஒரு வழக்கில் வாக்குமூலம் தந்தார். 2016இல் அது வெளியானபோது நாடே சிரித்தது. சிரித்தார்களே தவிர, சட்டத்தை மாற்றவில்லை.

சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. மெக்சிகோவிலிருந்து வந்து கலிபோர்னியாவில் பெற்றோரோடு வாழ்ந்த, அறிவு வளர்ச்சி குன்றிய ஓர் இளைஞர். தன் பிறந்த நாள்கூட அவருக்குச் சொல்லத் தெரியாது. வழக்கு நடத்தும் நிலையில் அவர் இல்லை என்று 2005இல் நீதிபதி வழக்கை மூடி வைத்தார். வழக்குதான் மூடியது, காவல் திறக்கவில்லை. ஏறத்தாழ ஐந்து வருடம் அவர் உள்ளேயே கிடந்தார். அவர் பெயரில் தொடுத்த கூட்டு வழக்கில்தான் 2013இல் வழி பிறந்தது. கலிபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் மாநிலங்களில் காவலில் உள்ள கடும் மனநலக் குறைபாடு கொண்டவர்களுக்குச் சட்டப் பிரதிநிதியை அரசே தர வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. வட கரோலினாவில் பிறந்த அமெரிக்கக் குடிமகன் ஒருவரோ 2008இல் மெக்சிகோவுக்கே அனுப்பப்பட்டார். மனநலம் குன்றிய அவர் ஸ்பானிய மொழி தெரியாமல் மத்திய அமெரிக்காவில் மாதக்கணக்கில் அலைந்துதான் ஊர் திரும்பினார்.

இந்த விஷயத்தில் தமிழருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2017இல் மெக்சிகோ எல்லையைத் தாண்டிய இலங்கைத் தமிழர் ஒருவர் சுமார் 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். ஊரில் தன்னை வேனில் கடத்திச் சென்று அடித்ததாகச் சொன்னார். யார் அடித்தார்கள், எதற்காக என்று நேர்காணலில் அதிகாரி கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. புகலிடத்துக்கான அச்சத்தை நிரூபிக்கவில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வேன் கடத்தல் என்ற சொல்லுக்கு இலங்கையில் என்ன பொருள் என்று தெரிந்த ஒரு வக்கீல் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த நேர்காணல் வேறு மாதிரி போயிருக்கலாம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. விரைவு வெளியேற்ற முடிவை ஆட்கொணர்வு மனு மூலம் மறுபரிசீலனை செய்யக் கோர அவருக்கு உரிமையில்லை என்று 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

வக்கீல் இருந்தால் என்ன மாறிவிடும் என்பவர்களுக்கு எண்களே பதில். 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை ஆராய்ந்தபோது, காவலில் இருந்தவர்களில் 100க்கு 14 பேருக்கே வக்கீல் இருந்தார். காவல் குறித்த விசாரணை கிடைத்தவர்களில், வக்கீல் உள்ளவர்களில் 44 சதவீதத்தினர் வெளியே வந்தார்கள். இல்லாதவர்களில் 11 சதவீதத்தினர்.

நியூயார்க் நகரம் 2013இல் 5 லட்சம் டாலரில் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கி, காவலில் உள்ள ஏழைகளுக்கு வக்கீல் தந்தது. அதற்கு முன் வக்கீல் இல்லாமல் நின்றவர்களில் 100க்கு 4 பேரே வென்றிருந்தார்கள். திட்டத்தில் வந்தவர்களில் 48 பேர் வெல்வார்கள் என்று வேரா என்ற ஆய்வு நிறுவனம் 2017இல் மதிப்பிட்டது. அதுவரை வெளியேற்றப்பட்டவர்களில் எத்தனை பேருக்குத் தங்கும் உரிமை இருந்திருக்கும் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் காவலுக்குச் செலவழிக்கும்போது அந்தக் கேள்வி எழுவதில்லை. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் தடுப்புக்காவலை விரிவாக்க மட்டும் 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. அதே வருடம் மார்ச்சில், துணையின்றி வந்த சுமார் 26,000 குழந்தைகளுக்கு வக்கீல் தந்துவந்த ஒப்பந்தத்தை அரசு நிறுத்தியது. நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. வக்கீல் வந்தால் வழக்கு இழுக்கும் என்ற வாதமும் உண்டு. சில வழக்குகள் இழுக்கத்தான் செய்யும். ஆனால் வழக்கில் சத்தில்லை என்று கட்சிக்காரரிடம் முகத்துக்கு நேரே சொல்லி முடித்துவைப்பவரும் வக்கீல்தான்.

வக்கீலை மட்டும் தந்துவிட்டு, கட்சிக்காரரை ராத்திரியோடு ராத்திரியாக லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ மாற்றினால் பயனில்லை. வக்கீலுக்குத் தெரிவிக்காத இடமாற்றம் நிற்க வேண்டும், தனியாகப் பேசத் தொலைபேசி வேண்டும் என்றும் எங்கள் அமைப்பு கோருகிறது. சட்டம் மாறும்வரை, நியூயார்க்கைப் போல மற்ற நகரங்களும் மாநிலங்களும் தங்கள் நிதியில் தொடங்கலாம்.

அதுவரை குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிவரவுத் தாள்களில் ‘ஏ’ எழுத்தோடு தொடங்கும் எண்ணை வீட்டில் நம்பகமான ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். காவலில் எடுக்கப்பட்டவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தேட அந்த எண் வேண்டும். புரியாத தாளில், முக்கியமாகத் தானாக நாட்டைவிட்டுப் போகச் சம்மதம் என்று சொல்லும் தாளில், வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.