பயணத்துக்கு முன் ஒரு தடுப்பூசி: யாருடைய பொறுப்பு?

வேலைக்காக ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்பவர்கள் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு, அதற்கான அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் பல நாடுகளுக்குள் நுழையவே முடியாது. அதே பயணியிடம், ‘தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது. விமான நிலையங்களில் யாரும் அதைக் கேட்பதில்லை. ஆகவே நாமும் நினைத்துப் பார்ப்பதில்லை. சட்டம் கேட்கும்வரை காத்திருக்காமல் நாமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டிய கடமை இது.

இந்த இரண்டு நோய்களுக்குமான நமது தடுப்பூசி அட்டவணை வலுவானது. பிறந்த 6, 10, 14ஆவது வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி, ஒன்றரை வயதையொட்டியும் ஐந்து வயதுக்குப் பிறகும் முத்தடுப்பு ஊசி, 10, 16 வயதுகளில் பள்ளியிலேயே ஓர் ஊசி என்று அது போகிறது. அதற்குப் பிறகு, கர்ப்ப காலத்தில் பெண்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் தவிர மற்றவர்களுக்கு ஊசி போடும் வழக்கமான ஏற்பாடு இல்லை. ஆனால், சிறுவயதில் பெற்ற எதிர்ப்பாற்றல் வயதோடு தேய்கிறது. கடைசி ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், பயணத்துக்கு முன் ஒரு ஊக்கத் தவணை போட்டுக்கொள்ள வேண்டும் என்று பயண மருத்துவ வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான். நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1985இல்தான் விரிவுபெற்றது. அதற்கு முன் பிறந்த பலருக்கு முதல் தவணைகளே முழுமையாகக் கிடைத்திருக்காது.

தனக்காக, வீட்டுக்காக, நாட்டுக்காக

ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், போலியோ மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்கும் பொறுப்பு வேறு.

ரண ஜன்னிக் கிருமியின் விதைகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் வரும் என்பதில்லை. சாலையோரக் கல் கிழித்தாலும் போதும். வளைகுடாவில் கட்டுமான வேலைக்குப் போகிறவருக்கும், வெறுங்காலுடன் பழனிக்குப் பாதயாத்திரை நடக்கும் பக்தருக்கும் இது ஒன்றுபோலப் பொருந்தும். தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் ரண ஜன்னியை இந்தியா 2015இல் கட்டுக்குள் கொண்டுவந்தது பெரும் சாதனை. ஆனால், மண்ணிலிருந்து கிருமியை அகற்ற யாராலும் முடியாது. இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை என்பதால், ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அவரவர் உடம்பை அவரவர்தான் காத்துக்கொள்ள வேண்டும்.

தொண்டை அடைப்பான் அப்படியல்ல. இருமல், தும்மல் வழியாகப் பரவும் நோய் இது. தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சுவழியை அடைக்கும். கிருமி கக்கும் நஞ்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சோவியத் ஒன்றியம் சிதறிய 1990களில், அந்தப் பகுதிகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் வந்தது. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பாற்றல் குறைந்துபோயிருந்த பெரியவர்கள். நமக்கு அருகில், கேரளத்தின் மலப்புரத்தில் 2016இல் இந்த நோய் மீண்டும் தலைதூக்கியபோதும் வளரிளம் பருவத்தினரும் பெரியவர்களும் தப்பவில்லை. உலகில் ஆண்டுதோறும் பதிவாகும் தொண்டை அடைப்பான் நோயாளிகளில் பெரும் பங்கினர் இந்தியர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2015இல் ஸ்பெயினின் ஓலோட் நகரில் நடந்ததை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். அந்நாட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகத் தலைகாட்டாத நோய் அது. தடுப்பூசி போடாத ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. நஞ்சு முறிப்பு மருந்து கையிருப்பில் இல்லை. பல நாடுகளில் தேடி, கடைசியில் ரஷ்யாவிலிருந்து வரவழைத்தார்கள். நஞ்சு உயிரணுக்களுக்குள் புகுந்துவிட்டால் அந்த மருந்தாலும் அதை அகற்ற முடியாது. சிறுவன் இறந்துபோனான். அவனோடு பழகியவர்களைச் சோதித்தபோது, தடுப்பூசி போட்டிருந்த பல குழந்தைகளின் தொண்டையிலும் அதே கிருமி இருந்தது. அவர்களில் யாருக்கும் நோய் வரவில்லை.

தடுப்பூசி நஞ்சை முறிக்கிறது. கிருமி தொண்டையில் தங்குவதை அது முழுமையாகத் தடுப்பதில்லை. அதனால், ஊசி போட்டுக்கொண்ட பயணி தான் நலமாகத் திரும்பி வந்தாலும், அறியாமலேயே கிருமியைக் கொண்டுவரக்கூடும். வாசலில் அவரை வரவேற்கும் பாட்டிக்கும், மடியில் ஏறும் பேரப்பிள்ளைக்கும் தவணைகள் முடிந்திருந்தால்தான் அந்த வீடு பாதுகாப்பானது. எனவே, ஒருவர் பயணத்துக்குத் தயாராகும்போது, வீட்டில் உள்ள அனைவரின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பார்ப்பதே முறை.

போலியோ நாட்டளவிலான பொறுப்பு. 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்ததே இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27இல் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஆனால், பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் நடமாடுகிறது. 2022இல் ஆப்பிரிக்காவின் மலாவியில் ஒரு சிறுமியிடம் கண்டறியப்பட்ட வைரஸ், பாகிஸ்தானில் பரவிவந்த வகையைச் சேர்ந்தது என்று மரபணு ஆய்வில் தெரிந்தது. அதே ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் ராக்லேண்ட் பகுதியில் தடுப்பூசி போடாத இளைஞர் ஒருவர் போலியோவால் முடங்கினார். நோய் தொற்றியிருக்கக்கூடிய நாட்களில் அவர் வெளிநாடு எதற்கும் போகவில்லை. அவரைத் தாக்கிய வைரஸோடு மரபுத் தொடர்புடைய வைரஸ் லண்டன், ஜெருசலேம் நகரங்களின் கழிவுநீரிலும் இருந்தது. போலியோ தொற்றும் 200 பேரில் ஒருவருக்குத்தான் வாதம் வருகிறது. மற்றவர்கள் தெரியாமலேயே வைரஸைச் சுமக்கிறார்கள். வீட்டைவிட்டு நகராதவரும், எங்கோ ஒருவர் செய்த பயணத்துக்கு விலை கொடுக்க நேரிடும்.

இதை உணர்ந்துதான், போலியோ பரவும் நாடுகளுக்குச் செல்பவர்களும் அங்கிருந்து வருபவர்களும் புறப்படுவதற்கு நான்கு வாரங்களுக்கு முன்பே சொட்டு மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014இல் இந்தியா விதி வகுத்தது. அந்த நாடுகளின் பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், பயணத் தேதி முடிவானதுமே விசாரித்துக்கொள்வது நல்லது.

பொறுப்பைப் பகிர்ந்துகொள்வோம்

பயணியின் தலையில் மட்டும் எல்லாவற்றையும் சுமத்துவது நியாயமாகாது. ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் முகவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போதே, ஊக்கத் தவணையையும் அதில் சேர்க்கலாம். யாத்திரை, சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் எடுத்துவர வேண்டியவற்றின் பட்டியலில் தடுப்பூசி அட்டைக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வரும் நோயாளியிடம் ‘எங்காவது பயணம் உண்டா?’ என்று குடும்ப மருத்துவர் கேட்டால், அந்த ஒரு கேள்வியே பலரைக் காக்கும்.

ஊசியின் வகையும் முக்கியம். காயம்பட்டால் வழக்கமாகப் போடப்பட்டுவந்த பழைய ஊசியில் ரண ஜன்னிக்கான மருந்து மட்டுமே இருந்தது. அரசுத் திட்டத்தில் இப்போது தரப்படுவது தொண்டை அடைப்பானிலிருந்தும் சேர்த்துக் காக்கும் ஊசி. ‘இரண்டுக்கும் சேர்த்துப் போடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் மூன்று நோய்களுக்குமான ஒரே ஊசியை அரசு மருத்துவத் திட்டம் பயணிகளுக்கு இலவசமாகவே தருகிறது. கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் லண்டன் தமிழர்கள் இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

தமிழக அரசு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் ஒரு நாளைப் பயணிகளின் தடுப்பூசி நாளாக அறிவிக்க வேண்டும். போட்ட தேதியைக் குறித்து, அடுத்த தவணை எந்த ஆண்டில் என்பதையும் எழுதிய அட்டையை அங்கேயே தர வேண்டும். எங்கே போட்டோம், எப்போது போட்டோம் என்பது நினைவில் இல்லாததே பெரியவர்கள் பலருக்கு இன்று முதல் தடை.

தடுப்பூசி குறித்த ஐயங்களை ஏளனம் செய்யாமல், பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலோருக்கு ஊசி போட்ட இடத்தில் ஓரிரு நாள் வலி, சிலருக்கு லேசான காய்ச்சல் வரும். கர்ப்பிணிகள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டும். அவர்களில் சிலரால் சில மருந்துகளை எடுத்துக்கொள்ள முடியாது என்பதே, மற்றவர்கள் தவறாமல் எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம்.

ஒருமித்து நிற்க நமக்குத் தெரியும். 1995இல் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து முகாம்களின்போது பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சுங்கச்சாவடிகளிலும் மேசை போட்டு, பயணத்தில் இருந்த குழந்தைகளைக்கூட விட்டுவிடாமல் அழைத்து, சொட்டு மருந்து கொடுத்து, விரலில் மையிட்டு அனுப்பினார்கள். கட்சி, மதம், சாதி எதுவும் அந்த வரிசையில் குறுக்கே வரவில்லை. குழந்தைகளுக்காக அன்று எடுத்த அதே பொறுப்பைப் பெரியவர்கள் இனித் தங்களுக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டும். பயணச்சீட்டு பதிவாகும் நாளிலேயே வீட்டார் அனைவரின் தடுப்பூசித் தவணையையும் சரிபார்ப்பதை நம் வழக்கமாக்குவோம்.