மறுமுனையில் ஒருவர்

ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் வார இதழ்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தடித்த புத்தகம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ராபிடெக்ஸ் இங்கிலீஷ் ஸ்பீக்கிங் கோர்ஸ். இந்தியில், தமிழில், தெலுங்கில் என்று பல மொழிகளில் வந்தது. விளம்பரத்தில் கபில்தேவ். உலகக் கோப்பையை வென்றவரே சிபாரிசு செய்யும்போது ஆங்கிலம் என்ன பிரமாதம் என்று வாங்கியவர்கள் ஏராளம். முதல் இருபது பக்கங்கள் கசங்கி, மிச்சம் புத்தம் புதிதாக இருக்கும் பிரதிகளைப் பழைய புத்தகக் கடைகளில் பார்க்கலாம். புத்தகத்தின் மேல் குற்றமில்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்க அது கற்றுக்கொடுத்தது. பதில் சொல்லத்தான் எதிரில் ஆள் இல்லை.

இப்போது அந்தப் புத்தகம் போல நூறு மடங்கு சமாசாரம் கைபேசிக்குள் வந்துவிட்டது, பெரும்பாலும் இலவசமாக. 1943 முதல் வானொலி வழியே ஆங்கிலம் கற்பித்துவரும் பிபிசி தன் பாடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சிலும் அப்படியே. மத்திய அரசு 2017இல் தொடங்கிய திக்‌ஷாவில் பள்ளிப் பாடங்கள் கிடைக்கின்றன. விளையாட்டுப் போல வார்த்தை கற்றுத்தரும் செயலிகளுக்கும் பஞ்சமில்லை. கருவியும் இருக்கிறது. 28 மாவட்டங்களின் கிராமங்களில் 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் 2023இல் நடந்த ஏசர் கணக்கெடுப்பில், ஏறக்குறைய 90 சதவீதத்தினர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதாகவும் அதை இயக்கத் தெரியும் என்றும் கூறினர். அதே கணக்கெடுப்பில் எளிய ஆங்கில வாக்கியங்களைப் படிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம் மட்டுமே. பேசச் சொல்லிச் சோதித்திருந்தால் எண்ணிக்கை எங்கே நின்றிருக்கும் என்பது ஊகத்துக்குரியது.

பாடமும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. பிறகு எது இல்லை? இதற்கு விடை தேட இந்தியாவிலேயே நடந்த சில சோதனைகளைப் பார்க்கலாம்.

1999இல் டெல்லி கல்காஜியில், குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் துளையிட்டு ஒரு கம்ப்யூட்டரைப் பதித்து உலகப் புகழ் பெற்றவர் சுகத மித்ரா. யாரும் சொல்லித்தராமலேயே குழந்தைகள் அதை இயக்கக் கற்றார்கள். அதன் பின் ஹைதராபாதில் அவரும் சகாக்களும் செய்த சோதனை அவ்வளவாகப் பேசப்படவில்லை. கட்டணம் குறைந்த தனியார் பள்ளி ஒன்றின் மாணவர்களுக்கு, பேசுவதை எழுத்தாக மாற்றும் மென்பொருள் கொண்ட கம்ப்யூட்டர் தரப்பட்டது. தெலுங்கு வாடை வீசும் ஆங்கிலத்தில் அவர்கள் பேச, இயந்திரம் சம்பந்தமில்லாமல் எதையோ எழுதித் தள்ளியது. அதற்குப் புரியும்படி பேசுவது அவர்கள் பொறுப்பு. ஆசிரியர் கிடையாது. சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டு, கேலி செய்து, திருத்தினார்கள். சில மாதங்களில் உச்சரிப்பு நன்றாகவே மேம்பட்டது என்று 2003இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறியது.

இதை இயந்திரத்தின் வெற்றி என்று சொல்வது வழக்கம். பாதிதான் சரி. அந்தக் கம்ப்யூட்டர் பாடம் நடத்தவில்லை, காது கொடுத்தது. கூடவே பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர்களின் காதுகளும் இருந்தன.

அடுத்த சோதனை தமிழ் பேசும் குழந்தைகளிடம் நடந்தது. சுனாமியில் பாதிக்கப்பட்ட, புதுச்சேரி அருகிலுள்ள காளிக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்து, அதில் உயிரித் தொழில்நுட்பப் பாடங்களை ஏற்றினார் மித்ரா. எல்லாம் ஆங்கிலத்தில். பாடமும் புரியாது, மொழியும் புரியாது. இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தபோது குழந்தைகள் 30 சதவீதம் அளவுக்கு மதிப்பெண் வாங்கினர். ஆச்சரியம்தான், ஆனால் தேர்ச்சி இல்லை. அடுத்து, அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு இளம்பெண்ணின் உதவியை நாடினார் மித்ரா. கணக்கு வேலை பார்ப்பவர் அவர், உயிரியல் தெரியாது. பாட்டிமார் செய்வதுபோல் பின்னால் நின்று, "அட, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அடுத்தது என்ன?" என்று வியந்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. மதிப்பெண் 50ஐ எட்டியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் உள்ள டெல்லி தனியார் பள்ளி மாணவர்களுக்கு இணையான நிலை அது.

30க்கும் 50க்கும் நடுவே நின்றது புதிய மென்பொருள் அல்ல, ஒரு மனுஷி.

2009இல் மித்ரா பிரிட்டனில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். இணைய வசதியும் கேமராவும் உள்ள பாட்டிமார் வாரம் ஒரு மணி நேரம் இந்தியக் குழந்தைகளோடு ஸ்கைப்பில் பேசுவார்களா? நூற்றுக்கணக்கில் முன்வந்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் உட்பட. 'கிரானி கிளவுட்' என்று பெயர் வந்தது. அவர்கள் கதை படித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், குழந்தை தப்பும் தவறுமாகச் சொன்னதை ரசித்துக் கேட்டார்கள். இலக்கணம் பின்னால் வந்தது.

எல்லாமே ஜெயக்கதை அல்ல. உத்தராகண்டில் அல்மோரா, ஹவால்பாக் ஆகிய இடங்களில் நிறுவப்பட்ட சுவர் கம்ப்யூட்டர்களைத் தேடிச் சென்ற ஆய்வாளர் பாயல் அரோரா, அவை கைவிடப்பட்டிருப்பதைக் கண்டு 2010இல் எழுதினார். ஊரும் பள்ளியும் சொந்தம் கொண்டாடாத கருவி எத்தனை நாள் உயிரோடிருக்கும்? இந்தக் கேள்விக்கு மித்ராவின் ஆதரவாளர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்று பேசினால் பதில் பேசும் செயற்கை அறிவு மென்பொருள்கள் வந்துவிட்டன. ஹைதராபாத் கம்ப்யூட்டரின் பேரப்பிள்ளைகள். பொறுமைசாலிகள், நூறு தடவை தப்பு செய்தாலும் முகம் சுளிப்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அடுத்த வாரம் மாணவி வராவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரித்து ஆள் அனுப்ப அவற்றுக்குத் தெரியாது.

மாணவி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதே ஏசர் கணக்கெடுப்பின்படி, ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதத்தினருக்குச் சொந்தப் போன் உண்டு, பெண்களில் 19.8 சதவீதத்தினருக்குத்தான். 'வீட்டில் போன் இருக்கிறது' என்பதற்கு, அண்ணன் தூங்கிய பிறகு அரைமணி நேரம் கிடைக்கும் என்றும் அர்த்தம் உண்டு. அந்த அரைமணியில் எல்லோர் காதிலும் விழும்படி ஆங்கில வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பழகுவது எத்தனை வீடுகளில் சாத்தியம்? ஆகவே இணையப் பாடத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று பள்ளிகள் நினைத்தால், முதலில் கைவிடப்படுபவள் அவள்தான்.

வழி கடினமானதல்ல. வகுப்பில் ஒரு போனும் சிறிய ஸ்பீக்கரும் போதும். மூன்று நிமிட ஆங்கில உரையாடல் ஒன்றை ஆசிரியை இரண்டு முறை ஒலிக்கவிடலாம். கேட்டது என்ன என்று குழந்தைகள் இரண்டிரண்டு பேராக முதலில் தாய்மொழியில் பேசிக்கொள்ளட்டும். புரிந்த பிறகு அதையே தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லட்டும். தப்பு வரும். வரட்டும். நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியை ஒருவரால் நாற்பது பேருக்கும் காது கொடுக்க முடியாது. பக்கத்து பெஞ்சுக்காரி கொடுப்பாள். தன் ஆங்கிலமே சுமார் என்று தயங்கும் ஆசிரியைக்கும் இது தோதான முறை. உச்சரிப்புக்குப் பதிவு இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது, காளிக்குப்பத்துப் பெண் செய்தது.

பிரிட்டிஷ் பாட்டிமாருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வங்கியிலும் ரயில்வேயிலும் முப்பது வருடம் ஆங்கிலத்திலேயே குப்பை கொட்டிவிட்டு, டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் மாலை நடைக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் தாத்தா பாட்டிகள் லட்சக்கணக்கில் உண்டு. பள்ளியும் பெற்றோரும் அறிய, ஆசிரியை உடனிருக்க, வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினால் போதும். அவர்கள் கற்பிக்கக்கூட வேண்டியதில்லை. மறுமுனையில் இருந்துகொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் சரி.